சேகோ ஆலைக் கழிவுநீர்: சயனைடைத் தின்னும் பாக்டீரியாவைப் பழக்குவது எப்படி

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் பிரித்தபின் வெளியேறும் தண்ணீரில் மாவுச்சத்து மட்டுமல்ல, சயனைடும் இருக்கிறது. ஆற்றிலோ ஓடையிலோ வயலிலோ விடும் கழிவுநீரில் சயனைடு லிட்டருக்கு 0.2 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவின் பொது வெளியேற்றத் தரம். அந்த அளவுக்குக் கீழே கொண்டுவர பாக்டீரியாவால் முடியும். ஆனால் காற்றூட்டும் தொட்டியில் சயனைடு குறைந்துவிட்டது என்று எழுதி வைக்கும் கணக்குகள் பலவற்றில், பாக்டீரியா தின்றதைவிட காற்றில் பறந்ததுதான் அதிகமாக இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் எந்த நிலையத்தையும் நம்பக்கூடாது. கீழே சொல்லும் முறை முழுவதும் அதை மனதில் வைத்துத்தான்.

எந்தச் சயனைடு, எவ்வளவு

கிழங்குக்குள் சயனைடு தனியாக இருப்பதில்லை. லினமாரின் என்ற சேர்மமாக, ஒரு குளுக்கோஸோடு கட்டப்பட்டு இருக்கிறது. சதையைவிடத் தோலில் அதிகம். வறட்சியில் வளர்ந்த கிழங்கில் இன்னும் அதிகம். அரவையில் செல் உடைந்ததும் கிழங்கிலேயே உள்ள லினமாரேஸ் நொதி குளுக்கோஸைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது அசிட்டோன் சயனோஹைட்ரின். பிஎச் 4 அளவில் இது ஓரளவு உடையாமல் நிற்கும். பிஎச் 6-ஐத் தாண்டினால் வேகமாக உடைந்து ஹைட்ரஜன் சயனைடைக் கொடுக்கும். அதன் கொதிநிலை சுமார் 26 டிகிரி செல்சியஸ்தான்.

புளித்துப்போன ஆலைத் தண்ணீரில் நேரடியாகத் தனிச் சயனைடை மட்டும் அளந்தால் குறைவாகக் காட்டுவதற்குக் காரணம் இதுவே. சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கிய உடனே அளவு ஏறியதுபோல் தெரியும். புதிதாக எதுவும் வரவில்லை, பூட்டிக் கிடந்தது திறந்துகொண்டது, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் மூன்று விதமாக அளந்து பாருங்கள்: வந்தபடியே ஒருமுறை, சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 12-க்கு ஏற்றி சயனோஹைட்ரினை உடைத்தபின் ஒருமுறை, மூடிய குப்பியில் பிஎச் 6, 30 டிகிரியில் லினமாரேஸ் சேர்த்து வைத்து, அதன்பின் காரமாக்கி ஒருமுறை. மூன்றாவது எண்தான் உங்கள் உண்மையான சுமை.

லிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் இருந்தால் வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தல் போதும். 0.0192 நார்மல் கரைசலில் 1 மி.லி. செலவானால் 1 மி.கி. சயனைடு. அதற்குக் கீழே பிரிடின்–பார்பிடூரிக் அமில நிறமுறையை எடுத்து 578 நானோமீட்டரில் வாசியுங்கள். பொதுவாகச் சயனைடு மாதிரியை பிஎச் 12-க்கு மேல் ஏற்றி, இருட்டில், 4 டிகிரியில் 14 நாள் வரை வைக்கலாம் என்பார்கள். சேகோத் தண்ணீருக்கு அது பொருந்தாது. அதில் குளுக்கோஸ் இருக்கிறது; காரத்தில் அது சயனைடோடு தானே சேர்ந்து மாதிரியைக் கெடுக்கும். எடுத்த அன்றே அளந்துவிடுங்கள். சல்பைடு இருக்கிறதா என்று லெட் அசிடேட் தாளால் பார்த்து, தாள் கறுத்தால் அதை நீக்கிவிட்டு மேலே போங்கள்.

களத்தில் சட்டென்று பார்க்கப் பிக்ரேட் தாள் உதவும். மஞ்சள் தாள் பழுப்பாக மாறும். தாளைத் தயாராகவே வாங்குங்கள். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக்கூடியது, ஆலை அலமாரியில் வைக்கும் பொருள் அல்ல.

பாக்டீரியா ஏன் சாவதில்லை

சயனைடு உயிரைக் கொல்வது மூச்சை அடைத்துத்தான். சுவாசச் சங்கிலியின் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸில் உள்ள இரும்போடு ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனை நெருங்க விடாது. தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்கள் இதற்கு மாற்றுவழி வைத்திருக்கின்றன. சூடோமோனாஸ் இனங்களில் சயனைடுக்கு மசியாத இன்னொரு ஆக்சிடேஸ் உண்டு. எலக்ட்ரான்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு மூச்சைத் தொடரும். சயனைடு இரும்பைக் கவ்விக்கொள்வதால் ஏற்படும் இரும்புப் பஞ்சத்தைச் சமாளிக்க சைடரோஃபோர் என்ற இரும்பு பிடிக்கும் மூலக்கூறுகளைச் சுரப்பவையும் உண்டு.

தாங்குவது வேறு, உடைப்பது வேறு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இரண்டும் உள்ளதாகப் பார்க்க வேண்டும். உடைக்கும் வழிகளில் நடைமுறைக்கு முக்கியமானவை மூன்று.

பேசில்லஸ் பியூமிலஸ் போன்றவற்றில் உள்ள சயனைடு டைஹைட்ரேடேஸ், தண்ணீரைச் சேர்த்துச் சயனைடை நேராக ஃபார்மிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் மாற்றும். ஆக்சிஜன் வேண்டாம், துணை நொதி வேண்டாம். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் இனத்தின் என்சிஐஎம்பி 11764 என்ற எண்ணுள்ள வகை செய்வது ஆக்சிஜன் வழி: கார்பன் டைஆக்சைடும் அம்மோனியாவும் கிடைக்கும், ஆனால் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்தால் வேலை நின்றுவிடும். மூன்றாவது, ஸ்பெயினில் கோர்தோபா அருகே குவாதல்கிவிர் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் சூடோஅல்கலிஜெனஸ் சிஇசிடி 5344. பிஎச் 9.5-ல், சயனைடையே ஒரே நைட்ரஜன் ஊட்டமாக வைத்து வளரும். இதில் அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சயனைடுக்கு மசியாத ஆக்சிடேஸ் வழியாகச் சுவாசிக்கும்போதே ஆக்சலோஅசிடேட் உருவாகிறது. அது சயனைடோடு வேதிமுறையில் சேர்கிறது. அந்தச் சேர்மத்தை ஒரு நைட்ரிலேஸ் நொதி உடைத்து அம்மோனியா எடுத்துக்கொள்கிறது. தப்பிக்கும் வழியே சாப்பாட்டுக்கும் வழியாகிறது.

இந்த வழிகளில் பல, அம்மோனியா தாராளமாகக் கிடைத்தால் அடங்கிவிடும். சுலபமான நைட்ரஜன் இருக்கும்போது நஞ்சைத் தொட பாக்டீரியா மெனக்கெடாது. இதைப் பிறகு யூரியா போடும் இடத்தில் நினைவில் வையுங்கள்.

ரோடனீஸ் நொதி தயோசல்பேட்டைக் கொண்டு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றும் வழியும் உண்டு. சயனைடு எண் இறங்கும், ஆனால் வேலை முடிந்ததாகாது. தயோசயனேட்டையும் தனியாக அளந்து பாருங்கள்.

விதை எடுத்தல், பழக்குதல்

பல ஆண்டுகளாக ஆலைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் கரையோரச் சேறுதான் சிறந்த விதை. கடையில் விற்கும் பொடிகளைவிட, அந்த இடத்தின் புளிப்புக்கும் வெயிலுக்கும் பழகிய கூட்டம் நன்றாக நிற்கும். மேலே காய்ந்த பொருக்கைத் தள்ளிவிட்டு, 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் நாலைந்து இடங்களில் எடுத்துக் கலக்குங்கள்.

சயனைடு உப்பைக் கொண்டு செய்யும் பின்வரும் செறிவூட்டல் (சயனைடைத் தின்பவை மட்டும் பெருகும்படி வளர்ப்பது), உரிய அனுமதியும் புகைக்கூண்டும் உள்ள ஆய்வகத்துக்கு மட்டும். தனியாக ஒருவர் செய்யக்கூடாது. அமிலக் குப்பி எதுவும் அந்த மேசையில் இருக்கக்கூடாது. சயனைடு மணத்தை நுகரவே முடியாதவர்கள் பலர் இருப்பதால் மூக்கை நம்பாமல் 4.7 பிபிஎம்-மில் ஒலிக்கும் அளவி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வசதி இல்லாதவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, ஆலைத் தண்ணீரையே ஊட்டிப் பழக்கும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஒரு லிட்டர் ஊடகத்துக்கு: நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், உப்பு 0.5 கிராம், நீரற்ற சோடியம் அசிடேட் 2 கிராம். தனியே சூட்டில் கிருமிநீக்கி ஆறியபின் சேர்க்க வேண்டியவை: நீருள்ள மெக்னீசியம் சல்பேட் 0.25 கிராம், கால்சியம் குளோரைடு 15 மி.கி., நீருள்ள பெரஸ் சல்பேட் 1 மி.கி. சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 9.5-க்குக் கொண்டுவாருங்கள். அம்மோனியம் உப்பு கிடையாது. ஈஸ்ட் சாறும் கிடையாது.

ஏன் அசிடேட்? குளுக்கோஸ் போட்டால் அது சயனைடைத் தானே பிடித்துக்கொள்ளும். பைருவேட்டும் அப்படித்தான். கிருமியே இல்லாத குடுவையிலும் சயனைடு குறையும், நீங்கள் பாக்டீரியாவைப் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள். இரும்பை ஏன் இவ்வளவு சிக்கனமாகப் போடுகிறோம் என்பதும் இதே கதை: ஒவ்வொரு இரும்பு அயனியும் ஆறு சயனைடைக் கட்டிப்போடும். 1 மி.கி. பெரஸ் சல்பேட்டால் லிட்டருக்கு 0.6 மி.கி. வரை சயனைடு மறையலாம். அதுவே 10 மி.கி. என்றால், கீழே சொல்லும் தொடக்க அளவான 13 மி.கி.யில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே மறைந்துவிடும்.

1. சேறு 10 கிராமை 90 மி.லி. உப்புநீரில் (0.85 சதவீதம்) அரை மணி குலுக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள்.

2. 500 மி.லி. திருகுமூடிக் குப்பியில் 45 மி.லி. ஊடகம், 5 மி.லி. தெளிவு. மிச்சம் முழுக்கக் காற்றாக இருக்கட்டும். அசிடேட்டை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் அதில்தான் இருக்கிறது.

3. காரத்தில் கரைத்து வைத்த சயனைடுக் கரைசலைக் கடைசியாகச் சேர்த்து 0.5 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 13 மி.கி. சயனைடு வரும்படி செய்து மூடுங்கள். 30 டிகிரியில் குலுக்குங்கள்.

4. சயனைடு 1 மி.கி.க்குக் கீழே வந்ததும் 5 மி.லி.யைப் புதிய 45 மி.லி.க்கு மாற்றுங்கள். இதே அளவில் மூன்று முறை மாற்றிய பின்னரே 1 மில்லிமோலாருக்கும், பிறகு 2-க்கும் ஏறுங்கள்.

பிஎச் 9.5-ல் ஊடகம் லேசாகக் கலங்கும். அது மெக்னீசிய, கால்சிய பாஸ்பேட் படிவு. அதை வளர்ச்சி என்று எண்ணிவிடாமல், விதையில்லாத குடுவையோடு ஒப்பிட்டோ புரதம் அளந்தோ முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் சயனைடும் இல்லாத, வேறு நைட்ரஜனும் இல்லாத ஒரு குடுவை இருக்கட்டும். அதிலும் நன்றாக வளர்ந்தால் காற்றின் நைட்ரஜனையோ சேற்றோடு வந்த நைட்ரஜனையோ தின்கிறது என்று பொருள்.

பிஎச் 9.5 எதற்கு என்றால், ஹைட்ரஜன் சயனைடின் பிகேஏ, அதாவது அதில் பாதி அயனியாகப் பிரியும் பிஎச், 9.2. பிஎச் 7-ல் 99 சதவீதத்துக்கு மேல் பறக்கத் தயாரான ஹைட்ரஜன் சயனைடு. 8-ல் ஏறத்தாழ 94. 9.5-ல் மூன்றில் ஒரு பங்குதான். 10.5-ல் 5 சதவீதம்.

வேலை முடிந்த கரைசலை அப்படியே கொட்டக்கூடாது. பிஎச் 10.5-க்கு மேல் வைத்துக்கொண்டு ஹைப்போகுளோரைட் சேருங்கள். பிஎச் இறங்கினால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வெளியே வரும்.

தின்றதா, பறந்ததா

ஒரு லிட்டர்க் குப்பிகள் இரண்டு எடுங்கள். ஒன்றில் தொட்டியில் பாக்டீரியா மண்டிய உயிருள்ள கசடு, மற்றதில் அதே கசடை 121 டிகிரியில் அரைமணி வேகவைத்து ஆறவிட்டது. இரண்டிலும் சயனைடு லிட்டருக்கு 5 மி.கி., பிஎச் 8. இரண்டுக்கும் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஒரே அளவில் காற்று. வெளியேறும் காற்றை 200 மி.லி. 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள பொறிக்குப்பி வழியாக விடுங்கள். 0, 1, 2, 4, 8, 24 மணி நேரத்தில் குப்பியிலும் பொறியிலும் சயனைடு அளந்து எழுதுங்கள்.

செத்த கசடுக் குப்பியிலும் சயனைடு இறங்கும், பொறியில் ஏறும். அதுதான் பறந்த பங்கு. உயிருள்ள குப்பியின் பொறியில் எவ்வளவு குறைவாகச் சேர்கிறதோ அவ்வளவுக்குப் பாக்டீரியா முந்திக்கொண்டது. குப்பியில் மிச்சம், பொறியில் சேர்ந்தது இரண்டையும் மொத்த மி.கி.யாகக் கூட்டித் தொடக்கத்தில் குப்பியில் இருந்த மொத்தச் சயனைடிலிருந்து கழித்தால் வருவதே உடைந்ததும் ஒட்டிக்கொண்டதும். ஒட்டிக்கொண்ட பங்கைச் செத்த குப்பி காட்டிக்கொடுக்கும்.

அம்மோனியா இன்னொரு சாட்சி. 1 மி.கி. சயனைடு உடைந்தால் 0.54 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் வரவேண்டும். நைட்ரஜன் பஞ்சத்தில் வளரும் செல்கள் அதை உடனே தின்றுவிடுவதால் வளர்ப்புக் குடுவையில் இது தெரியாது. செல்களைக் கழுவி, அசிடேட் இல்லாத தாங்கல் கரைசலில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போட்டுச் சோதித்தால் தெரியும்.

ஆலையில் நிறுத்துவது

திறந்த தொட்டியில் காற்றடித்துத் தொடங்குவது எங்கள் பார்வையில் தவறான வரிசை. சயனைடு வேலை செய்பவர்களின் மூக்குக்குப் போகும். முதல் கட்டம் மூடிய காற்றில்லாத் தொட்டியாக இருக்கட்டும். மேல்நோக்கி ஓடும் கசடுப்படுகைத் தொட்டி சேகோத் தண்ணீருக்குப் பொருத்தமானது, எரிவாயுவும் கிடைக்கும். காற்றூட்டல் அதற்குப் பின்.

திப்பியையும் (பால் பிரித்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை) தோல் துண்டுகளையும் சல்லடையில் முழுமையாக எடுத்துவிடுங்கள். தோல் உள்ளே போனால் தொட்டிக்குள் சயனைடு ஊறிக்கொண்டே இருக்கும். தண்ணீரை மூடிய சமன்தொட்டியில் சேர்த்து பிஎச் 7.5-க்கு ஏற்றுங்கள். சுண்ணாம்பைக் குறைக்க நல்ல வழி, காற்றில்லாத் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பி விடுவது. அதிலுள்ள காரத்தன்மை புளிப்பை அடக்கும், சயனைடும் நீர்த்துப்போகும். ஒரு பங்கு புதுத் தண்ணீருக்கு மூன்று பங்கு திருப்பு நீர் என்று தொடங்கலாம்.

கரிமச் சுமையை ஒரு கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.5 கிலோ சிஓடி-யில் (கரிமப் பொருளை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) வைத்து, கலந்த ஊட்டத்தில் சயனைடு 1 முதல் 2 மி.கி.க்குள் இருக்கும்படி தொடங்குங்கள். வெளியேறும் தண்ணீரில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் ஏறாமல், வாயு குறையாமல், சயனைடு மூன்று நாள் தொடர்ந்து நிலையாக இருந்தால் கால் பங்கு ஏற்றுங்கள். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்குச் சயனைடு பிடிக்காது. ஆனால் பழகிக்கொள்ளும். பழக வாரங்கள் ஆகும். அவசரப்பட்டால் மொத்தமும் போகும்.

அடுத்த காற்றூட்டும் தொட்டியில் கசடு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம், கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி., கசடு வயது (கசடு தொட்டியில் சராசரியாகத் தங்கும் நாள்) 20 நாளுக்குக் குறையாமல். பிஎச் 7.5 முதல் 8.5. நுண்குமிழ் டிஃப்யூசர் வையுங்கள். தண்ணீரை மேலே வாரி வீசும் ஏரேட்டர், மிச்சமுள்ள சயனைடையும் பறக்கவிடும். சேகோத் தண்ணீரில் நைட்ரஜன் பற்றாது; பிஓடி (நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100-க்கு 5 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற கணக்குக்கு யூரியாவும் டிஏபி-யும் தேவைப்படும். அதை எங்கே போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். தலைப்பகுதியில் கொட்டினால் சயனைடு உடைக்கும் நொதிகள் அடங்கிவிடும். தொட்டியைத் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்து, முதல் பகுதியில் சயனைடைத் தின்ன விட்டு, இரண்டாம் பகுதியில் உரத்தைச் சேருங்கள்.

இப்படிக் கட்டம் பிரிப்பது சுரங்கத் துறையில் நிரூபணமான முறை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லீட் நகரில் இருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 1984-ல் சுழலும் தட்டுகளில் சூடோமோனாஸ் படலம் வளர்த்துத் தன் சயனைடுக் கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. முன்வரிசைத் தட்டுகளில் சயனைடும் தயோசயனேட்டும் உடைந்தன. அதில் வந்த அம்மோனியாவைப் பின்வரிசைத் தட்டுகள் நைட்ரேட்டாக்கின. தண்ணீர் ஒயிட்வுட் ஓடைக்குப் போனது. அம்மோனியாவும் மீனைக் கொல்லும் என்பதால் அந்தப் பின்வரிசை அவசியம். உங்கள் தொட்டியிலும் 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7.1 கிராம் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும், அதைக் கணக்கில் வையுங்கள்.

கோளாறுகள்

வெளியேறும் தண்ணீரில் அம்மோனியா திடீரென ஏறினால், சயனைடு அளவு இன்னும் சரியாகவே இருந்தாலும், ஊட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள்தான் சயனைடுக்கு முதலில் விழும். அவை தரும் எச்சரிக்கைக்குப் பின் உங்களுக்கு அதிக நேரம் இருக்காது.

வாயு சட்டென்று குறைந்து புளிப்பு ஏறினால், ஊட்டத்தை ஒன்றிரண்டு நாள் நிறுத்திவிட்டுத் திருப்பு நீரை மட்டும் ஓட்டுங்கள். கசடை வெளியே எடுத்துக் கொட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் அது செத்திருக்காது, மயங்கித்தான் கிடக்கும். காரணத்தை ஆலைக்குள் தேடுங்கள்: தோல் உரிக்காமல் அரைத்தார்களா, வறட்சிப் பகுதியிலிருந்து லோடு வந்ததா, எச் 226 என்ற மரவள்ளி ரகம் வந்துகொண்டிருந்த இடத்தில் வேறு ரகம் வந்ததா. ரகமோ ஊரோ மாறும் ஒவ்வொரு முறையும் மூன்று வித அளவீட்டையும் மறுபடி செய்யுங்கள்.

கசடு வழவழப்பாகி, படியாமல் மிதந்தால் நைட்ரஜனோ பாஸ்பரஸோ குறைவு. யூரியாவை மிகவும் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டாம் பகுதியில் அளவைக் கூட்டுங்கள்.

சயனைடு 0.5 மி.கி.யில் வந்து நின்று அதற்குக் கீழே இறங்க மறுத்தால் இரும்பைச் சந்தேகியுங்கள். துருப்பிடித்த குழாயும் அரவை இயந்திரமும் இரும்பு கொடுக்கும். அது சயனைடோடு சேர்ந்து ஃபெரோசயனைடாகிவிட்டால் பாக்டீரியா தொடாது. ஆனால் வெயில் பட்டால் மெல்ல உடைந்து சயனைடு மறுபடி வெளியே வரும், அதனால் தீங்கில்லை என்று விட்டுவிட முடியாது. குழாயை மாற்றுவதுதான் வழி.

தொட்டிக்குள் ஆளை இறக்கும் வேலை வந்தால், தண்ணீரை வடித்து, காற்றோட்டம் கொடுத்து, ஹைட்ரஜன் சயனைடு, ஹைட்ரஜன் சல்பைடு, ஆக்சிஜன் மூன்றையும் அளவியில் பார்த்தபின்தான். கசடைக் கலக்கும்போது வாயு மறுபடி எழும் என்பதால் அளவி உள்ளே இருப்பவரின் சட்டையிலேயே மாட்டியிருக்க வேண்டும், மேலே ஒருவர் கயிறோடு நிற்க வேண்டும். அமிலம் கொண்டு தொட்டி கழுவுவது அறவே கூடாது.

சீசன் முடிந்து ஆலை நிற்கும் மாதங்களில் பழக்கிய கூட்டம் பசியால் கலையும். காற்றில்லாத் தொட்டியின் கசடு அப்படியே மூடிக் கிடந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். காற்றூட்டும் தொட்டிக்குத்தான் கவனம் வேண்டும்: தினம் ஓரிரு மணி காற்று, வாரம் ஒருமுறை திப்பி ஊறிய தண்ணீர் கொஞ்சம். அடுத்த சீசனின் முதல் லோடு வந்ததும் பழைய முழுச் சுமையை ஏற்றாமல், அதில் கால் பங்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.